பால் வடியும் மரம்

பூரணாங்குப்பத்தில் ஒரு வீட்டு வாசலோரம் தானாக முளைத்திருந்த பப்பாளிக் கன்றை அந்த வீட்டுக் கிழவி பிடுங்கிப் போட்டாள். "பால் வடியற மரம் வாசலுக்கு ஆவாது. ஆதிகாலத்துலேருந்து சொல்றதாச்சே" என்றாள். இந்த ஆதிகாலம் எவ்வளவு பழையது?

பப்பாளி அமெரிக்க மரம். ஸ்பானியர் வசமிருந்த நாடுகளிலிருந்து பிலிப்பைன்ஸ், மலாக்கா வழியாக அது இந்தியா வந்ததாக டச்சுக்காரர் லின்ஸ்கோடென் 1596ல் வெளியான தம் பயண நூலில் எழுதுகிறார். அதற்கு வெகுகாலம் முன்பு இங்கே பப்பாளியைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எந்த நம்பிக்கையும் இருந்திருக்க முடியாது.

ஆனால் விதி பழையது. ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் மனை பற்றிச் சொல்லுமிடத்தில், வீட்டருகே முள்மரம் நின்றால் பகைவர் பயம், பால்மரம் பொருள்நாசம், பழமரம் சந்ததிக்குக் கேடு என்கிறார். வெட்ட முடியாவிட்டால் இடையிடையே புன்னை, அசோகு, மகிழ், பலா முதலியவற்றை நடலாம் என்று பரிகாரமும் தருகிறார். பலா! பாலும் வடியும், பழமும் பழுக்கும். இரண்டு தடைக்கும் உட்பட்ட மரமே பரிகாரமாகிறது. உரைகாரர்கள் ஏதாவது சமாதானம் சொல்லக்கூடும். பலாவை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வரவில்லை என்றே எனக்குப் படுகிறது.

பப்பாளிக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. பழைய பட்டியலில் புது மரத்துக்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டார்கள். அதாவது மரபு இங்கே வெறுமனே ஒப்பிக்கவில்லை. கீறிப் பார்த்து, பாலைக் கண்டு, யோசித்திருக்கிறது. என்றாலும் பால் மட்டும் காரணமில்லை. சப்போட்டாவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான், அதிலும் பால் வடிகிறது; அதை யாரும் பிடுங்கி எறிவதாகக் காணோம்.

பப்பாளியின் மேல் வேறொரு பயம் உண்டு, கரு கலையும் என்பது. காயின் பால் எலிகளின் கருப்பையைச் சுருங்கச் செய்வது சோதனைகளில் தெரிந்திருக்கிறது. நன்றாகப் பழுத்த பழத்துக்கு அந்த வேகம் இல்லை. வராகமிகிரர் பொதுவாகச் சொல்லிப்போன சந்ததிக்கேடு இந்த ஒரு மரத்தில் நேரடி அர்த்தம் பெற்றுவிடுகிறது. கரு தங்காத வீட்டில் குற்றத்தை மரம் ஏற்றுக்கொண்டால் மருமகள் தப்பினாள். அவள் அதைத் தின்றாள் என்று பேச்சுக் கிளம்பினால், மரம் தப்பியது.

கிளம்பும்போது பார்த்தேன், கொல்லையில் இரண்டு பப்பாளி காய்த்து நின்றன. கேட்டதற்குக் கிழவி சொன்னாள்: "அது மருமவ வச்சது."