ஜுஹூவில் இறங்கிய தபால் விமானம்

மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது, மீனம்பாக்கத்தை நோக்கித் தாழ்ந்து வரும் விமானங்களைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் எல்லாம் ஒரே சரிவில்தான் வரும். சுமார் 3 டிகிரி. அதாவது ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 52 மீட்டர் இறக்கம். அந்தச் சரிவை இன்று ரேடியோ அலைகள் விமானிக்குக் காட்டிவிடுகின்றன. அவை இல்லாத காலத்தில் எப்படி இறங்கினார்கள்?

1932 அக்டோபர் 15-ஆம் தேதி. கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாக 25 கிலோ தபாலுடன் ஜே.ஆர்.டி. டாடா தனியாகப் பம்பாய்க்குப் பறந்து வந்தார். விமானம், ஒற்றை எஞ்சின் கொண்ட டி ஹாவிலண்ட் புஸ் மாத். ரேடியோ கிடையாது. இறங்கிய ஜுஹூவோ கடலோரச் சேற்று நிலம். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கிவிடும். அங்கிருந்து தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாக நம் மெட்ராஸுக்குக் கொண்டு வந்தார்.

இறங்கும் கடைசி நிமிடம்தான் சோதனை. உயரம் கூடினால் தரை தாண்டிப் போய்விடும். குறைந்தால், 'இன்னும் கொஞ்சம் தூரம் போகட்டும்' என்று மூக்கைத் தூக்கத் தோன்றும். ஆபத்து அதில்தான். மூக்கைத் தூக்கத் தூக்க வேகம் குறையும். ஓர் எல்லைக்கு மேல் இறக்கை தாங்காது, விமானம் சட்டென்று விழும். தரைக்கு அருகே என்றால் மீள உயரமும் இருக்காது. மூக்கைத் தாழ்த்தி, எஞ்சின் வேகத்தைக் கூட்டுவதே சரி.

உயரம் கூடினால் புஸ் மாத்தில் ஒரு எளிய வழி இருந்தது. சக்கரக் கால்களை மூடியிருந்த தகடுகளை 90 டிகிரி திருப்பலாம். அவை காற்றை மறிக்க, விமானம் அதிக வேகம் பிடிக்காமலே கூடுதல் சரிவில் இறங்கும். மற்றதெல்லாம் விமானியின் கண்ணும் கையும்தான்.

சரியாக 50 ஆண்டுகள் கழித்து, 1982 அக்டோபர் 15 அன்று, 78 வயதில் டாடா அதே பாதையில் லெப்பர்ட் மாத் என்ற சிறு விமானத்தை மீண்டும் ஓட்டி வந்தார்.

நீங்கள் பயணம் செய்யும் விமானம் என்றாவது ஓடுபாதைக்கு அருகே வந்து, இறங்காமல் மேலே எழும்பினால் பதற வேண்டாம். விமானி தவறிவிட்டார் என்று நினைக்கவும் வேண்டாம். சரிவு சரியாக அமையாதபோது வலிந்து இறங்காமல், இன்னொரு சுற்று சுற்றி வருவதுதான் நல்ல விமானிக்கு அழகு.