'நூறாவது நாள்' பாத்திருக்கீங்களா? இத்தாலியின் 'ஜல்லோ' த்ரில்லர்களை நண்பர்களுடன் பார்க்க ஒரு கையேடு

மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாக சத்யராஜ் மிரட்டிய 'நூறாவது நாள்' படத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மணிவண்ணன் இயக்கி 1984-ல் வெளியான அந்தப் படத்தின் கதைக்கரு இத்தாலியிலிருந்து வந்தது. லூச்சியோ ஃபுல்ச்சி 1977-ல் எடுத்த 'செத்தே நோத்தே இன் நேரோ'தான் அதன் மூலம். இந்த வகைப் படங்களுக்கு இத்தாலியில் 'ஜல்லோ' என்று பெயர்.

சினிமா நகரமான புனேவில் நாலு நண்பர்கள் கூடி இந்தப் படங்களைப் பார்க்க நினைத்தால் எதில் தொடங்கலாம்? எங்கே திரையிடலாம்?

ஜல்லோ என்றால் என்ன?

இத்தாலிய மொழியில் 'ஜல்லோ' என்றால் மஞ்சள். மொந்ததோரி பதிப்பகம் 1929 முதல் மஞ்சள் அட்டையில் துப்பறியும் நாவல்களை வெளியிட்டது. நம்ம ஊர் 'பாக்கெட் நாவல்' மாதிரி, அந்த மஞ்சள் அட்டையே கதை வகைக்குப் பெயராகிவிட்டது.

சினிமாவில் இதற்கு அடித்தளம் போட்டவர் மாரியோ பாவா. 1963, 1964-ல் வந்த அவரது இரண்டு படங்களில் இந்த வகை உருவானது. 1970-ல் 'படிகச் சிறகுப் பறவை' என்று பொருள்படும் தலைப்பில் வந்த முதல் படத்தின் மூலம் தாரியோ அர்ஜெந்தோ அதைப் பெரிய வெற்றியாக்கினார். கறுப்புக் கையுறை, முகம் தெரியாத கொலையாளி, கண்ணைப் பறிக்கும் நிறங்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். அர்ஜெந்தோ படங்களில் கையுறை போட்ட கைகள் பல நேரம் அவருடையவைதான்!

தமிழில் என்ன மாறியது?

ஃபுல்ச்சி படத்தின் நாயகிக்கு ஒரு கொலை மனக்கண்ணில் தெரிகிறது. என்ன நடந்தது என்பது புரிகிறது. எப்போது என்பதில்தான் சிக்கல். தமிழில் நளினி, விஜயகாந்த், மோகன் நடிக்க, இளையராஜா இசையில் இதே கரு வந்தது. 1991-ல் மாதுரி தீட்சித் நடித்த '100 டேஸ்' ஆக இந்திக்கும் போனது. மூன்றையும் அடுத்தடுத்து பார்ப்பதே நல்ல தொடக்கம். தமிழ், மராத்தி, இந்தி பேசும் நண்பர்கள் கலந்திருக்கும் புனேவில் இது இன்னும் பொருந்தும்.

புனேவுக்கும் தமிழ் த்ரில்லருக்கும் தொடர்பு உண்டு. 'மூடுபனி' (1980) எடுத்த பாலு மகேந்திரா, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்தவர். அது ஜல்லோ தழுவல் அல்ல. ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' பாதிப்பில் உருவானது. ஆனாலும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் பார்க்கலாம்.

ஏன் கூட்டமாகப் பார்க்கணும்?

இந்தப் படங்களின் மையமே தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட காட்சிதான். அர்ஜெந்தோவின் முதல் படத்தில், நாயகன் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஒரு தாக்குதலைப் பார்க்கிறான். ஏதோ ஒன்று இடிக்கிறது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பார்க்கிற நமக்கும் அதே நிலைமைதான். இடைவேளையில் ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் கொலையாளியின் பெயரை எழுதச் சொல்லுங்கள். ஒரே காட்சியை ஐந்து பேர் ஐந்து விதமாகப் பார்த்திருப்பது அப்போதுதான் தெரியும்.

எந்தப் பிரதியைப் பார்ப்பது?

இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அர்ஜெந்தோவின் 'ப்ரோஃபோந்தோ ரோஸ்ஸோ' (1975) இத்தாலியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஏற்றுமதிக்கான ஆங்கிலப் பிரதியில் சுமார் 20 நிமிடம் வெட்டு. போனது பெரும்பாலும் நாயகனும் பெண் பத்திரிகையாளரும் பேசும் நகைச்சுவைக் காட்சிகள். அவை இல்லாவிட்டால் கொலைகள் மட்டும்தான் மிஞ்சும். அதனால் ஓடும் நேரத்தை முதலில் பாருங்கள்.

உதட்டசைவு ஒட்டவில்லையா? அது கோளாறு இல்லை. அக்கால இத்தாலியப் படங்களுக்கு, நம்ம படங்களைப் போலவே, பிறகுதான் டப்பிங் பேசப்பட்டது.

கிளப் ஹவுஸில் போடலாமா?

வீட்டில் நண்பர்களோடு பார்ப்பதில் சிக்கல் இல்லை. ஹவுசிங் சொசைட்டி கிளப் ஹவுஸிலோ கஃபேயிலோ ஊரைக் கூப்பிட்டுத் திரையிட்டால் அது பொதுத் திரையிடல். டிக்கெட் இல்லாவிட்டாலும் உரிமையாளரின் அனுமதி தேவை. ஒளிப்பதிவுச் சட்டம் 1952-ன் கீழ் தணிக்கைச் சான்றிதழும் வேண்டும். ஓடிடி சந்தா பெரும்பாலும் தனிப்பட்ட பயன்பாட்டுக்குத்தான்.

உறுப்பினர்களுக்கு மட்டும் படம் காட்டும் பதிவுபெற்ற திரைப்படச் சங்கங்கள் தணிக்கை விலக்கு பெற வழி உண்டு. புனேவில் 1964 முதல் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. அதைக் கட்டி எழுப்பிய பி.கே.நாயர் இந்தியப் படங்களோடு உலகப் படங்களையும் சேகரித்தவர். தனியாக ஒரு குழு தொடங்குவதைவிட, நகரில் ஏற்கெனவே இயங்கும் சங்கத்தில் சேர்வது எளிது.

ஒரு எச்சரிக்கை

ஜல்லோ மீது வைக்கப்படும் முக்கிய விமர்சனம், பெண்கள் மீதான வன்முறையை அழகாக்கிக் காட்டுகிறது என்பது. அது நியாயமான விமர்சனமே. படத்தில் என்ன வரும் என்று முன்கூட்டியே எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். எழுந்து போக நினைப்பவரைக் கிண்டல் செய்ய வேண்டாம். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு அதைப் பற்றியும் பேசுங்கள். கொலையாளி யார் என்ற கேள்விக்குப் படமே பதில் சொல்லிவிடும். யாரைக் கொல்வதை நாம் ரசித்தோம் என்பதற்கு நாம்தான் பதில் சொல்லணும்.