பந்தியில் இருந்தவன் ஒட்டுண்ணியான கதை

பத்திரிகை அலுவலகத்தில் பல்லாண்டுகள் பிறர் எழுதியவற்றைத் திருத்தியவன் நான். சில சொற்களைக் கண்டால் இன்றும் கை தானாகவே பேனாவைத் தேடும். 'ஒட்டுண்ணி' அவற்றுள் ஒன்று.

2006ஆம் ஆண்டளவில் வெள்ளவத்தையில் ஒரு தேநீர்க்கடை. எதிரே லொட்ஜ் ஒன்றின் வாசலில் நின்ற இளைஞர்களைக் காட்டி, "வெளிநாட்டுக் காசிலை உடம்பு வளர்க்கிற ஒட்டுண்ணியள்" என்றார் பக்கத்தில் இருந்தவர். அவரும் தமிழர்தான். நான் மறுத்துப் பேசவில்லை. அந்த மௌனம் இன்றும் உறுத்துகிறது.

ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. மாட்டின் உடலில் இரத்தம் குடிக்கும் சிறு பூச்சிக்கும் நம்மவர் 'உண்ணி' என்றே பெயரிட்டனர். மரக்கிளையில் வேரூன்றும் செடிக்குப் 'புல்லுருவி' என்று பெயர். இவை இரண்டும் இன்று வசைச்சொற்கள். ஆங்கிலச் சொல்லான 'பரசைட்' வந்த வழியோ வேறு.

அதன் மூலம் கிரேக்க மொழியின் 'பராசிட்டோஸ்'. 'பரா' என்றால் அருகில். 'சிட்டோஸ்' என்றால் தானியம், உணவு. உணவின் அருகே இருப்பவன், அதாவது பந்தித் தோழன், என்பதே பொருள். கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த அத்தெனேயஸ், விருந்துகள் பற்றிய தமது பெருநூலின் ஆறாம் பகுதியில், இச்சொல் முற்காலத்தில் மதிப்பும் புனிதமும் உடையதாக இருந்தது என்கிறார். ஏதென்சில் கோயிலுக்குரிய தானியத்தைச் சேர்ப்பதிலும், வழிபாட்டு விருந்தில் அமர்வதிலும் பங்குகொண்டவர்களே பராசிட்டோஸ்கள். நம் ஊர்க் கோயில்களில் அன்னதானத்திற்கு நெல் சேர்ப்பவரை நினைத்துக்கொள்ளலாம்.

சொல்லைக் கீழே இறக்கியவர்கள் நகைச்சுவை நாடகாசிரியர்கள். செல்வந்தரைப் புகழ்ந்து விருந்துக்கு ஒட்டிக்கொள்ளும் கோமாளிக்கு அப்பெயரைச் சூட்டினர். ரோமானிய நாடகாசிரியர் புளோட்டஸ் அத்தகைய பாத்திரம் ஒன்றுக்கு இட்ட பெயர் 'குர்குலியோ'. தானியத்தை அரிக்கும் வண்டு என்று பொருள். 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் நுழைந்தபோதும் அது மனிதரையே குறித்தது. செடிகளையும் பூச்சிகளையும் குறித்தது 18ஆம் நூற்றாண்டில்தான்.

விபரீதம் அதன் பிறகே தொடங்கியது. அறிவியலின் முத்திரையுடன் சொல் மீண்டும் மனிதர்மேல் திரும்பியது. நாஜிகள் யூதர்களை ஒட்டுண்ணிகள் என்றனர். சோவியத் நாட்டில் 'ஒட்டுண்ணி வாழ்க்கை' சட்டப்படி குற்றமாயிற்று. கவிஞர் யோசப் புரொட்ஸ்கி அக்குற்றத்திற்காக 1964இல் ஐந்தாண்டுத் தண்டனை பெற்றார். 1987இல் அவருக்கே நோபல் பரிசு கிடைத்தது. விருந்துக்கு வந்த கோமாளியைப் பார்த்துச் சிரிக்கலாம். உண்ணியை என்ன செய்வோம்? பிடுங்கி எறிவோம். சொல் மாறும்போது, செய்யத்தக்கது எது என்பதும் மாறிவிடுகிறது.

2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உள்ளிட்ட பகுதிகளின் லொட்ஜுகளில் பொலிஸார் புகுந்தனர். 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். தகுந்த காரணமின்றிக் கொழும்பில் தங்கியிருப்போர் என்பதே சொல்லப்பட்ட விளக்கம். மறுநாள், மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுமீது உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தை இடைநிறுத்தியது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார்.

அவர்களை எந்த அதிகாரியும் ஒட்டுண்ணி என்று அழைத்ததாக நான் கூறவரவில்லை. தேநீர்க்கடையில் அச்சொல்லைக் கேட்டதும், கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததும் நாங்கள்தான். 'காரணமின்றி இருப்பவர்' என்ற தொடர் கேட்டுப் பழகிய காதுக்கு அந்நியமாகப் படவில்லை.

காரணம் இல்லாமலா இருந்தார்கள்? கடவுச்சீட்டு, விசா, வைத்தியம், வேலை என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தது. எல்லோருக்கும் பொதுவானது, வடக்கு கிழக்கில் நடந்த போர். உண்டியலில் வந்த பணத்தில் லொட்ஜ் முதலாளிக்கு வாடகை போயிற்று. சாப்பாட்டுக் கடைக்குப் போயிற்று. வெளிநாடு அனுப்பும் ஏஜென்சிக்கு இலட்சக்கணக்கில் போயிற்று. இதில் யார் யாரை உண்டு வாழ்ந்தனர்?

சந்தன மரமும் தாவரவியல்படி ஓர் ஒட்டுண்ணியே. அயல் மரங்களின் வேரில் தன் வேரைப் பதித்து நீரும் உப்பும் பெற்று வளர்கிறது. நாம் அதைப் புல்லுருவி என்று ஏசுவதில்லை. அரைத்து நெற்றியில் இடுகிறோம்.