மிச்ச நேரத்தில் உருவான இசைத்தட்டு

கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை ஏற்காட்டு ஹாஸ்டலில் விட்டுப் படிக்க வைத்தார்கள். வெள்ளைக்காரர் காலத்துக் கான்வென்ட்டுகள் எழுந்தது ஏற்காட்டில்தான்.

ஏற்காட்டைப் போல மராட்டியத்தில் ஒரு மலையூர், பஞ்சகனி. 1955-ல் அங்கிருந்த செயின்ட் பீட்டர்ஸ் பள்ளி விடுதிக்கு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான ஜான்சிபாரிலிருந்து எட்டு வயதுப் பார்சிச் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். பெயர் ஃபரோக் பல்சாரா. பூர்வீகம் குஜராத். பள்ளியில் பியானோ படித்தான். 1958-ல் மாணவர்கள் ஐந்து பேர் கூடி 'தி ஹெக்டிக்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். முன்னின்று பாடியவன் புரூஸ் மர்ரே, ஃபரோக் பியானோவில். அந்த ஐவரில் ஒருவரான விக்டரி ராணா பின்னாளில் நேபாள ராணுவத்தில் ஜெனரல் ஆனார்.

1964 புரட்சியில் ஜான்சிபாரை விட்டு ஓடிய பல்சாரா குடும்பம் லண்டன் பக்கம் குடியேறியது. 1970-ல் இசைக்கலைஞர்கள் பிரையன் மே, ரோஜர் டெய்லர் இருவரோடும் ஃபரோக் சேர்ந்தார். குழுவுக்கு 'குவீன்' என்று பெயர் வைத்தவரும் அவரே. தன் பெயரையும் ஃப்ரெடி மெர்குரி என்று மாற்றிக்கொண்டார். சாட்டின் உடையும் முகப்பூச்சும் குதிகால் உயர்ந்த காலணியுமாக 'கிளாம் ராக்' இங்கிலாந்து மேடைகளை ஆண்ட காலம் அது.

முதல் ஆல்பத்துக்குக் கையில் காசு இல்லை. லண்டன் சோஹோவில் இருந்த டிரைடன்ட் ஸ்டுடியோ, காசு கொடுத்தவர்கள் பதிவு முடித்துப் போன பிறகு மிஞ்சும் நேரத்தை இவர்களுக்கு விட்டது. நடுராத்திரியில் வாசித்தார்கள், விடியலில் வீடு போனார்கள். 1972-ன் பெரும்பகுதி இப்படியே கழிந்தது.

பிரையன் மே வாசித்த கிட்டார் கடையில் வாங்கியதல்ல. அப்பாவும் மகனும் வீட்டிலேயே செதுக்கியது. பழைய கணப்படுப்பின் மரச்சட்டம் கழுத்துப் பகுதியானது. மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங்குகள் உள்ளே போயின. விரலிடத்தைக் காட்டும் புள்ளிகள் அம்மாவின் பெட்டியிலிருந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். மீட்டியது ஆறு பென்ஸ் நாணயத்தால். அந்த ஒரே கிட்டாரை அடுக்கடுக்காகப் பதிந்து எழுப்பிய ஒலியை யாரும் மின்னணுக் கருவி என்று நினைத்துவிடக் கூடாதே என்று, சிந்தசைசர் வாசிக்கப்படவில்லை என அட்டையிலேயே அச்சிட்டார்கள். அந்தப் பெருமிதம் நியாயமானது. 'மை ஃபேரி கிங்' பாட்டின் பியானோவைக் கேளுங்கள். பஞ்சகனிப் பையனின் விரல்கள் அதில் முழு வேகத்தில் ஓடுகின்றன.

1973 ஜூலை 13 அன்று 'குவீன்' ஆல்பம் வெளிவந்தது. தனியாக வெளியிட்ட 'கீப் யுவர்செல்ஃப் அலைவ்' தரவரிசைப் பட்டியலுக்குள்ளேயே வரவில்லை. ஆனால் ஆல்பத்தின் கடைசியில், பாடல் வரிகள் இல்லாமல், ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாக ஒரு மெட்டு ஒலிக்கும். அதை 'செவன் சீஸ் ஆஃப் ரை' என்று முழுப் பாடலாக்கினார்கள். 1974 பிப்ரவரியில் பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சிக்கு பாடகர் டேவிட் போவியின் படச்சுருள் கிடைக்காமல் போகவே, அந்த இடத்தில் இவர்களைக் கூப்பிட்டார்கள். பாட்டு பத்தாம் இடம் வரை ஏறியது.

(தொடரும்)