ரொக்கத்துக்குக் கிடைத்த கொசுறு

காய்கறிக் கடையில் கணக்கு முடிந்தபின் பைக்குள் விழும் ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்குக் கொசுறு என்று பெயர். அது நிறுவையில் சேராது, விலையிலும் சேராது. கேட்டால் கிடைக்கும், முகம் பழகியிருந்தால் கேளாமலும் கிடைக்கும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தாரிடமும் இப்பழக்கம் இருந்தது. அதனை அவர்கள் 'லான்யாப்' என்றனர். 1883இல் வெளிவந்த மிசிசிப்பி ஆற்று நூலில் மார்க் ட்வைன் இச்சொல்லை வியந்து எழுதியிருக்கிறார். இதற்காகவே அந்நகருக்குப் பயணம் போகலாம் என்பது அவர் கட்சி.

இந்தக் கொசுறு அமெரிக்காவில் ஸ்டாம்பாகி, புள்ளியாகி, இறுதியில் வரி நீதிமன்றம் வரை சென்ற கதை சுவையானது. அக்கதையின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு செய்தியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள் என்பதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

1891இல் மில்வாக்கி நகரின் ஷூஸ்டர் பல்பொருள் அங்காடி, வாடிக்கையாளருக்கு நீல நிற ஸ்டாம்புகளை வழங்கத் தொடங்கியது. எல்லோருக்கும் அல்ல, ரொக்கம் கொடுத்து வாங்கியவர்களுக்கு மட்டும். கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னவருக்கு ஸ்டாம்பு இல்லை. நிலுவைப் பேரேட்டைச் சுமந்த வணிகர், கடன் சொல்லாதவருக்குக் காட்டிய நன்றி அது. பின்னாளில் உலகெங்கும் பரவிய வெகுமதித் திட்டங்களின் மூதாதை, கடன் வாங்காமைக்குக் கொடுத்த பரிசு என்பதை இங்கே நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

1896இல் ஸ்பெர்ரி, ஹட்சின்சன் என்னும் இருவர் இதனைத் தனித் தொழிலாக்கினர். அவர்களது நிறுவனம் பச்சை ஸ்டாம்புகளை அச்சிட்டுக் கடைகளுக்கு விற்றது. கடைக்காரர் 10 சென்ட் வியாபாரத்துக்கு ஒன்று வீதம் வாடிக்கையாளருக்குக் கொடுத்தார். 1,200 ஸ்டாம்புகளை ஒட்டினால் ஒரு புத்தகம் நிறையும். அதாவது, 120 டாலருக்குப் பொருள் வாங்கியிருக்க வேண்டும். நிறைந்த புத்தகங்களைக் கொடுத்து விளக்கோ, போர்வையோ, பாத்திரமோ பெற்றுக்கொள்ளலாம். வாங்கிய ஸ்டாம்புகள் எல்லாம் திரும்பி வருவதில்லை. மேசை இழுப்பறையில் மறந்துபோனவை, பாதியில் நின்ற புத்தகங்கள், இவை அனைத்தும் நிறுவனத்தின் ஆதாயம். கொசுறு இவ்விதம் விலை பெற்றது. கறிவேப்பிலை கொடுப்பவரின் கைக்கும் நம் பைக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் வந்து அமர்ந்தார்.

வணிகர்களில் ஒரு பகுதியினர் இதை எதிர்த்தனர். பல மாநிலங்கள் தடைச்சட்டங்களும் தனிவரிகளும் கொண்டுவந்தன. ஃபுளோரிடா மாநிலம் விதித்த வரியை 1916இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. விலையில் தெரியாத ஒரு கூடுதல் மதிப்பைக் காட்டி ஆசையைக் கிளறி, மக்களைச் சிக்கனமின்மைக்கு இழுப்பவை இத்திட்டங்கள் என்று கருத இடமுண்டு என நீதிபதி மெக்கென்னா எழுதினார். ஸ்டாம்புகள் அதனால் அழிந்துவிடவில்லை. 1960களில், அமெரிக்க அஞ்சல் துறையைவிட அதிக ஸ்டாம்புகளைத் தான் அச்சிடுவதாக அந்நிறுவனம் பெருமை பேசியது. 1962இல் ஆண்டி வார்ஹோல் பச்சை ஸ்டாம்புகளையே வரிசை வரிசையாக ஓவியமாக்கினார். சூப் டப்பாக்கள் பெற்ற புகழ் அவ்வோவியத்துக்குக் கிட்டவில்லை. நமக்கென்னவோ இதுவே மேலானதாகத் தோன்றுகிறது.

அந்நாட்களில் ஸ்டாம்பு பெறுவதற்கு வங்கிக் கணக்கு வேண்டியதில்லை, வருமானச் சான்றும் வேண்டியதில்லை. அம்மா கொடுத்தனுப்பிய சில்லறையோடு பால் வாங்கப் போன சிறுமிக்கும் அது உண்டு. செலவு விலையில் ஏறியிருக்கலாம். ஆனால் அந்த விலையைக் கொடுத்தவர் கையில் ஸ்டாம்பும் வந்தது.

நிலைமை மாறியது 1980களில். 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறந்த தூரத்துக்குப் புள்ளி கொடுத்தது. 1986இல் டிஸ்கவர் அட்டை, செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வந்தது. 1987இல் சிட்டி வங்கியின் கடன் அட்டை விமானப் புள்ளிகளோடு இணைந்தது. பறக்காமலேயே பறத்தலின் பயன் வாய்த்தது. ஷூஸ்டர் அங்காடியின் நெறி முற்றிலும் தலைகீழானது. இப்போது பரிசு, கடன் அட்டையை நீட்டுபவருக்கே. ரொக்கம் நீட்டுபவருக்கு ஒன்றுமில்லை.

விதி இருக்குமிடத்தில் விளையாட்டும் இருக்கும். 2008 முதல் அமெரிக்க நாணயச்சாலை ஒரு டாலர் நாணயங்களை முகமதிப்புக்கே, அஞ்சல் செலவின்றி, வீட்டுக்கு அனுப்பியது. நாணயம் புழங்க வேண்டும் என்பது நோக்கம். சிலர் அட்டையில் ஆயிரக்கணக்கில் வாங்கிப் பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வங்கியில் கட்டி, அப்பணத்தாலேயே அட்டைக் கடனைத் தீர்த்தனர். மிஞ்சியவை விமானப் புள்ளிகள். 2011இல் நாணயச்சாலை கடன் அட்டையை ஏற்பதை நிறுத்திவிட்டது.

அதன் பிறகு ஆட்டம் பேரங்காடிகளின் பரிசு அட்டைகளை மையமாகக் கொண்டது. பலசரக்குக் கடைச் செலவுக்குச் சில கடன் அட்டைகள் நூற்றுக்கு 5 வீதம் திருப்பித் தந்தன. அக்கடையில் பாலும் ரொட்டியும் மட்டுமா விற்கின்றன? கல்லாவுக்கு அருகே பரிசு அட்டைகளும் தொங்குகின்றன. 500 டாலர் அட்டைக்கு ஏறத்தாழ 5, 6 டாலர் கட்டணம். திரும்புவதோ 25 டாலர். தள்ளுபடியில் அட்டை கிடைத்துவிட்டால் ஆதாயம் இருமடி. ஒரு தம்பதியர் 2013, 2014 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 60 லட்சம் டாலருக்கு மேல் இவ்விதம் சுழற்றினர். பரிசு அட்டையால் மணியார்டர் வாங்குவது, மணியார்டரை வங்கியில் போடுவது, அட்டைக் கடனை அடைப்பது, மறுபடியும் கடைக்குப் போவது. 3 லட்சம் டாலருக்கு மேல் அவர்களுக்கு வெகுமதியாக வந்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? அட்டை விற்பனை ஒவ்வொன்றுக்கும் கடைக்காரர் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு டாலர் கட்டணமாக இழக்கிறார். அந்த இழப்பை எல்லோருக்குமான விலையில் ஏற்றுகிறார். பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ஆய்வாளர்கள் 2010இல் இதைக் கணக்கிட்டனர். ரொக்கம் கொடுக்கும் சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 149 டாலரை அட்டைக்காரர்களுக்குத் தாரை வார்க்கிறது. அட்டை பயன்படுத்தும் சராசரிக் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது. ஆண்டு வருமானம் 20,000 டாலருக்குள் உள்ள குடும்பங்கள் மொத்தத்தில் 21 டாலர் இழக்க, 1,50,000 டாலருக்கு மேற்பட்டோர் 750 டாலர் பெறுகின்றனர். பற்றுச்சீட்டில் இத்தொகை எங்கும் அச்சாவதில்லை.

வருமான வரித் துறை அந்தத் தம்பதியரைத் துரத்தியது, ஏழைகளின் பொருட்டு அன்று. வெகுமதி வருமானமா என்ற ஐயத்தின் பொருட்டு. 2021இல் வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசு அட்டை ஒரு பண்டம். பண்டம் வாங்கியதற்குத் திரும்பி வந்த தொகை விலைத் தள்ளுபடியேயன்றி வருமானம் அன்று. கடன் அட்டையால் நேரடியாக மணியார்டர் வாங்கியதற்கும், பற்று அட்டையில் பணம் ஏற்றியதற்கும் வந்த வெகுமதி மட்டுமே வருமானம் என்றது. இப்போது பல அட்டைகளின் விதிமுறைகளில், முன்கூட்டிப் பணம் ஏற்றிய அட்டைகளை வாங்கினால் வெகுமதி இல்லை என்றொரு வரி சிறிய எழுத்தில் உள்ளது.