நைட் ஷிப்ட் பார்த்தால் டிஎன்ஏ பாதிக்குமா? வடசென்னை தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் ராத்திரி என்றால் பலருக்கு வேலை நேரம். துறைமுகத்தில் கன்டெய்னர் இறங்கும். எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையமும், மணலி சுத்திகரிப்பு ஆலையும் ஓடிக்கொண்டே இருக்கும். காசிமேட்டில் விடியும் முன்பே மீன் வியாபாரம் களைகட்டிவிடும். "பகல்ல தூங்கிக்கலாம்" என்பதுதான் பலருடைய கணக்கு. உடம்பு அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்கிறதா?

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

செல்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் தயாரிக்கும்போது 'ஃப்ரீ ராடிக்கல்' போன்ற மூலக்கூறுகளும் கூடவே உருவாகும். வழக்கமாக உடம்பே இவற்றைச் சமாளித்துவிடும். அளவு மிஞ்சினால் அதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். இது டிஎன்ஏவையும் சேதப்படுத்தும். புகைபிடித்தலும் காற்று மாசும் இதை இன்னும் கூட்டும்.

தூக்கத்துக்கு என்ன சம்பந்தம்?

இருட்டில் மூளையில் சுரக்கும் மெலடோனின், டிஎன்ஏ பழுதுபார்ப்புக்கும் உதவுவதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அமெரிக்காவில் 50 ஷிப்ட் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2017-ல் வெளியானது. சேதமடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும்போது சிறுநீரில் வெளியேறும் ஒரு பொருள், இரவில் தூங்கியபோது இருந்த அளவில் சுமார் 20 சதவீதம்தான் இரவு வேலையின்போது இருந்தது. அதாவது, பழுதுபார்ப்பு மந்தமாகியிருக்கலாம். இது சிறிய ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது.

புற்றுநோய் வருமா?

உலக சுகாதார நிறுவனத்தின் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, இரவு ஷிப்ட் வேலையை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது' என்ற '2ஏ' பிரிவில் 2007-ல் சேர்த்தது. 2019-லும் அதை உறுதிசெய்தது. பயப்பட வேண்டாம், நைட் ஷிப்ட் பார்க்கும் எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை.

குறட்டையைக் கவனிங்க!

தூக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பதுதான் 'ஸ்லீப் ஆப்னியா'. அப்போது ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கி ஏறும். இதுவும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் கூட்டும். பலத்த குறட்டை, தூங்கி எழுந்தும் அசதி இருந்தால் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

என்ன செய்யலாம்?

* பகலில் தூங்கும் அறையை நன்றாக இருட்டாக்குங்கள்.
* ஷிப்ட் முடியும் நேரத்தில் டீ, காபி, சிகரெட் வேண்டாம்.
* முடிந்தவரை தினமும் ஒரே நேரத்தில் படுங்கள்.
* மெலடோனின் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் போடாதீர்கள்.

இன்னொரு விஷயம்: பகலில் தூங்குபவரைச் சோம்பேறி என்று எழுப்பாமல் இருப்பது வீட்டில் உள்ளவர்களின் பங்கு.