நெல்லும் இறப்பர் உருளையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்புறத்தே கிடக்கும் படுவான்கரை நெல்லாற் பெயர்பெற்ற நிலம். தான்தோன்றீச்சரர் திருக்கோயிலாற் புகழ் பூண்ட கொக்கட்டிச்சோலையைச் சூழவும் வட்டை வட்டையாக வயல்கள் விரிந்துள்ளன. இப்பகுதியின் வரலாற்றை எழுதுவோர் போடியார்களையும் குளங்களையும் கோயின் மரபுகளையும் விரித்துரைப்பர். நெல் எவ்வாறு அரிசியாயிற்று என்பதை ஒரு வரியிற் கடந்துவிடுவர். ஆயின், உழவனது உழைப்பில் எவ்வளவு உணவாகின்றது, எவ்வளவு குறுணலாய்க் கழிகின்றது என்பதை முடிவு செய்யும் இடம் சூடு மிதிக்கும் களமன்று; உமி நீக்கும் இடமேயாகும்.

ஆலை தோன்றுமுன் இப்பணி பெண்களுடையதாயிருந்தது. மர உரலில் நெல்லைப் பெய்து, பூண் கட்டிய உலக்கையாற் குற்றி, சுளகிற் புடைத்து, மீண்டுங் குற்றுவர். உமி நீங்கினும் தவிட்டின் ஒரு கூறு அரிசியில் ஒட்டி நிற்கும். அதனைக் குறையெனக் கொண்டவரும் உளர். எனினும் அத்தவிடே உடலைக் காத்தது. 1890களிற் பத்தாவியாவிற் பணிபுரிந்த கிறித்தியான் எயிக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர், தீட்டிய அரிசியை உண்ட கோழிகள் பெரிபெரியை ஒத்த நோயுற்றதையும், தவிடு நீங்காத அரிசியால் அவை தேறியதையும் கண்டார். 1929இல் அவருக்கு நோபெற் பரிசு கிடைத்தது. உலக்கையின் கேடு வேறு. அது காலத்தையும் தோள்வலியையும் விழுங்கிற்று. அதே உலக்கை கூலிக்கு நெற்குற்றிய ஏழைப் பெண்களுக்குப் பிழைப்பாகவும் இருந்தமையால், ஆலையின் வருகை ஒரு வீட்டுக்கு ஓய்வையும் அயல்வீட்டுக்கு வேலையிழப்பையும் தந்தது.

1885இற் பிறேசில் நாட்டில் எவரிஸ்தோ கொன்றாடோ எங்கெல்பெர்க் என்பார் கோப்பிக்கும் நெல்லுக்கும் உதவும் ஓர் இயந்திரத்தை அமைத்தார். வரியோடிய இரும்பு உருளையொன்று உறையினுட் சுழல, அதன் எதிரே உருக்கு அலகொன்று நிற்கும். இடையே நெருக்குண்ட நெல் ஒன்றோடொன்று உரசி உமியையும் தவிட்டையும் ஒருங்கே இழக்கும். எளிய அமைப்பு, பழுதுகள் குறைவு, ஊர்க் கொல்லனாலும் செப்பனிடத்தக்கது. ஆசிய நாடுகளின் சிற்றூர்களெங்கும் அது பரவியதற்குக் காரணம் இதுவே. அவித்துக் காயவைத்த புழுங்கல் நெல் அதன் வன்மையை ஓரளவு தாங்கிற்று. பச்சை நெல்லோ பெரிதும் முறிந்தது. உமியும் தவிடும் குறுணலும் கலந்து விழுந்தமையால் நல்ல தவிடும் வீணாயிற்று. இரும்பு நிலைத்தது, தானியம் நிலைக்கவில்லை.

இதற்கு மாற்று 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் யப்பானில் உருப்பெற்றது. இறப்பர் போர்த்த இரு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று நிலையானது, மற்றையது இடைவெளியைக் கூட்டவுங் குறைக்கவும் அமைந்தது. இடைவெளி நெல்லின் பருமனிலுங் குறைவு. ஓர் உருளை மற்றதனினும் ஏறத்தாழ 25 சதவீதம் மெதுவாகச் சுழலுமாதலால், நெல்லின் ஒரு பக்கம் முந்தவும் மறுபக்கம் பிந்தவும் இழுபட்டு உமி பிளந்து கழலும். இறப்பர் நெல்லுக்கு இணங்கி அமுங்குவதால் அரிசி முறிவது குறையும். பொதுவாக இவ்வுருளைகள் 150 முதல் 250 மில்லிமீற்றர் வரை விட்டமுடையன.

இறப்பருக்கும் ஒரு நீண்ட வரலாறுண்டு. வெயிலில் ஒட்டியும் குளிரில் விறைத்தும் பயனற்றிருந்த அப்பாலை 1839இல் கந்தகத்துடன் சூடாக்கி உறுதியாக்கினார் சாள்ஸ் குட்இயர். 1876இல் ஹென்றி விக்கம் அமேசன் காட்டினின்றுங் கொணர்ந்த வித்துக்கள் இலண்டன் கியூ பூங்காவில் முளைக்க, அந்நாற்றுக்கள் இலங்கையின் ஹெனரத்கொடை பூங்காவை அடைந்தன. களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி முதலிய ஈரவலய மாவட்டங்களில் அம்மரம் செழித்தது. மட்டக்களப்பு வறண்ட வலயத்தது. இருப்பினும் நெல்லும் இறப்பரும் இந்நாட்டின் வரலாற்றில் அருகருகே வந்த காலமுண்டு. 1952 டிசெம்பரில் இலங்கையும் சீனாவும் செய்த ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் சென்று 270,000 தொன் அரிசி வருவதாயிற்று. இறப்பரைக் கொடுத்து அரிசி பெற்ற நாட்டுக்குத் தன் வயலின் நெல்லைச் சிதையாது காக்கவும் அந்த இறப்பரே வேண்டியதாயிருந்தது.

ஆயினும் இறப்பர் தேயும். உமியிற் சிலிக்கா மிகுந்துள்ளமையால் நெல் அரத்தைப் போல் உருளையை அராவும். உராய்வினால் எழும் சூடு இறப்பரை மென்மையாக்கும். விரைந்து சுழலும் உருளை முதலில் தேயும். இரண்டையும் இடம்மாற்றிப் பூட்டுவதே ஆலைக்காரர் கைக்கொள்ளும் உபாயம். கரித்தூள் சேர்த்தால் இறப்பர் தேய்மானத்தைத் தாங்கும். ஆனால் உதிரும் கறுப்புத்தூள் அரிசியிற் படியும். ஆகவே உணவுக்குரிய உருளைகளில் வெண்ணிறச் சிலிக்காவைச் சேர்ப்பர். தவிட்டின் எண்ணெயைத் தாங்குதற்குச் செயற்கை இறப்பர் வகைகளும் பயன்படுகின்றன. மிக வன்மையாக்கினால் அரிசி முறியும். மிக மென்மையாக்கினால் உருளை மாளும்.

முற்றிலும் வேறான துறையொன்றிலும் இதே சிக்கல் எழுந்தது. பெரிய சரக்கு விமானங்களின் தளத்தில் வரிசையாக அமைந்த உருளைகளின்மேற் பொதித்தட்டுகள் நகர்கின்றன. சுமையைத் தாங்கும் உருளைகள் உலோகத்தால் அமையலாம். மின்னோடியாற் சுழன்று தட்டைத் தள்ளும் உருளைக்கோ பிடிப்பு வேண்டும். அதனால் அதற்கு இறப்பர் போர்த்துவர். தட்டின் விளிம்பு அதனை வெட்டும். சிந்திய எண்ணெய் கெடுக்கும். உயரத்தின் குளிர் விறைக்கச் செய்யும். அங்கும் பிடிப்புக்காக இணங்கும் பொருள், இணங்குவதாலேயே தேய்கின்றது.

படுவான்கரைக்கு உருளையின் ஆயுள் வெறும் பொறியியல் வினாவன்று. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, மண்முனைத்துறை வழியாகக் கொக்கட்டிச்சோலைக்கு வருவன யாவும் படகுப்பாதையிலேயே வாவியைக் கடந்தன. மாற்று உருளை எட்டாத இடத்திற் சிற்றாலைக்காரன் உருக்கு இயந்திரத்தைக் கைவிடாமை அறியாமையாலன்று. தேய்ந்த இறப்பருடன் அறுவடைக் காலத்தில் ஆலையை மூடிவைக்க அவனால் இயலாது. இறப்பர் உருளையை வாங்கினும் அதைப் பேணுதல் வேண்டும். வெயிலிலும் எண்ணெய்க்கருகிலும் வைத்தால் பூட்டுமுன்னரே அது கெடும். இறப்பர் முற்றத் தேய்ந்தபின் எஞ்சும் வார்ப்பிரும்பு நடுவுருளையை எறிவதில்லை. புதிய இறப்பர் போர்த்துதற்காக அது மீண்டும் தொழிற்சாலைக்கு அனுப்பப்படும்.